டிங்கி, சிக்குன்குன்யா, மரபணு: தோட்டத்து ஆட்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஜொகூரில் குளுவாங் பக்கம் தோட்டங்களிலும் தாமான் எனும் குடியிருப்புகளிலும் இருப்பவர்கள் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. நான் மருத்துவர் இல்லை, ஆய்வகத்தில் இரத்த மாதிரி பார்க்கிறவன். கோயில் திருவிழாவில் அன்னதான வரிசையில் நிற்கும்போதுகூட யாராவது ஒருவர் டிங்கி (டெங்குக் காய்ச்சல்) பற்றிக் கேட்டுவிடுகிறார். சில கேள்விக்கு ஒரு வரி போதும், சிலவற்றுக்குக் கதை சொல்லியாக வேண்டும்.

கொசு கடிக்கிறது, காய்ச்சல் வருகிறது. கொசுவை ஒழித்தால் சரியாகிவிடும். இதில் மரபணு ஆராய்ச்சிக்கு என்ன வேலை?

கொசுவின் மேல் பழி விழுந்து, பிறகு அது நிரபராதி என்று தெரிந்த கதையைச் சொன்னால் விளங்கும். 1998 கடைசியில் ஈப்போ சுற்றுவட்டாரத்தில் பன்றிப் பண்ணை ஆட்கள் மூளைக்காய்ச்சலில் விழ ஆரம்பித்தார்கள். பன்றியும் மூளைக்காய்ச்சலும் சேர்ந்தால் நம் பக்கத்தில் முதலில் தோன்றுவது ஜப்பானிய மூளைக்காய்ச்சல். அது கொசுவால் பரவுவது. ஆகவே புகை அடித்தார்கள், தடுப்பூசி போட்டார்கள். நோய் அடங்கவில்லை. நெகிரி செம்பிலானில் புக்கிட் பெலாண்டோக், சுங்கை நிப்பா வரைக்கும் போனது.

கணக்கு எங்கேயோ உதைத்தது. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் பெரும்பாலும் சிறுபிள்ளைகளைப் பிடிக்கும். இங்கே விழுந்தவர்களோ பன்றியைத் தொட்டுப் புழங்கிய பெரியவர்கள், அதிலும் தடுப்பூசி போட்டவர்களே விழுந்தார்கள். 1999 மார்ச்சில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் டாக்டர் சுவா காவ் பிங் ஒரு நோயாளியின் தண்டுவட நீரிலிருந்து வைரஸைப் பிரித்தெடுத்தார். எலெக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் பார்த்தபோதே அது வேறு சாதி என்று தெரிந்தது. அமெரிக்காவில் மரபணுவைப் படித்ததும், ஆஸ்திரேலியாவின் ஹெண்ட்ரா வைரஸுக்குச் சொந்தம், ஆனால் அதுவரை யாரும் பார்க்காத புது வைரஸ் என்று உறுதியானது. அதுதான் நிப்பா. பழந்தின்னி வௌவாலிலிருந்து பன்றிக்கு வந்து, பன்றியிலிருந்து மனிதனுக்கு வந்தது. கொசுவுக்கு அதில் சம்பந்தமே இல்லை. 265 பேருக்கு நோய், 105 பேர் இறந்தார்கள். ஒரு மில்லியனுக்கும் மேற்பட்ட பன்றிகளை அழித்த பிறகே நின்றது.

எதிரி யார் என்று தெரியாமல் மாதக்கணக்கில் புகை அடித்துக்கொண்டிருந்தது நாடு. மரபணு ஆராய்ச்சிக்கு என்ன வேலை என்றால், முதல் வேலை இதுதான்: ஆளை அடையாளம் காட்டுவது.

வைரஸுக்கும் மரபணு உண்டா?

உண்டு. டிங்கி வைரஸுக்குச் சுமார் 10,700 எழுத்து, சிக்குன்குன்யாவுக்குச் சுமார் 11,800. மனிதனுக்கு மூன்று பில்லியன். இந்த வைரஸ்களில் இருப்பது டிஎன்ஏ இல்லை, ஆர்என்ஏ. அதைப் படியெடுக்கிற நொதி பிழை பார்ப்பதில்லை. மெய்ப்புத் திருத்துபவர் இல்லாத அச்சகம் மாதிரி, அடிக்கிற பிரதிகளில் அங்கங்கே எழுத்து பிசகும். பல பிசகுகளால் ஒன்றும் ஆகாது, சில பிசகுகளால் வைரஸே கெட்டுப்போகும். எப்போதாவது ஒன்று அதற்கு வாய்ப்பாக அமைந்துவிடும். இந்தப் பிசகுகளை ஒப்பிட்டுத்தான் எது எதன் வாரிசு, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று கண்டுபிடிக்கிறார்கள்.

2008 வாக்கில் எங்கள் லயத்தில் வீட்டுக்கு வீடு மூட்டுவலி. காலைப் பிரட்டுக்கு (வேலைக்குப் பேர் கொடுக்க) எழுந்து போக முடியவில்லை. அதற்கு முன் கேள்விப்பட்டதே இல்லையே, அது எங்கிருந்து வந்தது?

இந்தக் கேள்வியை நம் ஊரில் கேட்காத பெரியவர் குறைவு. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

அந்த மூட்டுவலிக் காய்ச்சல்தான் சிக்குன்குன்யா. அது அப்போதுதான் முதல் தடவை மலேசியாவுக்குள் கால் வைத்தது என்று சொல்ல முடியாது. 1998-99இல் போர்ட் கிள்ளானில் பரவியது. 2006 தொடக்கத்தில் பேராக்கில் பாகான் பஞ்சோர் என்ற மீனவக் கிராமத்தில் மறுபடி தலைகாட்டியது. இரண்டு வைரஸையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தன. இரண்டுமே ஆசிய வகை. இடைப்பட்ட வருஷங்களில் அது யார் கண்ணிலும் படாமல் இங்கேயே எங்கேயோ ஓடிக்கொண்டிருந்திருக்கிறது என்பதுதான் ஆய்வாளர்கள் எடுத்த முடிவு. அதே 2006 கடைசியில் ஈப்போ பக்கம் வந்தது வேறு சரக்கு. இந்தியாவுக்குப் போய்வந்தவரோடு வந்த ஆப்பிரிக்க வகை அது. இவை எல்லாமே சின்ன அளவில் கிளம்பி அடங்கிவிட்டன.

2008இல் ஜொகூரில் கிளம்பியது அடங்கவில்லை. மாநிலம் மாநிலமாகப் போய், நாடு முழுக்கப் பத்தாயிரம் பேருக்கு மேல் பிடித்தது. இதுவும் ஆப்பிரிக்க வகைதான், ஆனால் ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தது. வைரஸின் மேலுறையில் இ1 என்று ஒரு புரதம் இருக்கிறது. அதில் 226ஆவது இடத்தில் அலனின் என்ற அமினோ அமிலம் இருக்க வேண்டும், அங்கே வாலின் என்ற வேறொன்று உட்கார்ந்திருந்தது. ரீயூனியன் தீவில் 2005-06இல் மூன்றில் ஒரு பங்கு மக்களை இந்த நோய் படுக்க வைத்தபோதுதான் இந்த மாற்றம் முதலில் கவனத்துக்கு வந்தது. பிறகு கேரளா உட்பட வேறு இடங்களிலும் தனித்தனியாக இதே மாற்றம் தோன்றியது. அதாவது ஓரிடத்து வைரஸ் இன்னோரிடத்துக்குப் போய்ச் சொல்லிக்கொடுக்கவில்லை, அததுவாக அதே வழியைக் கண்டுபிடித்துக்கொண்டது.

சரி, ஓர் எழுத்தால் நமக்கு என்ன வந்தது? ஏடிஸ் கொசுவில் நமக்கு முக்கியமானவை இரண்டு. எகிப்தி வீட்டுக்குள்ளே இருப்பது, பட்டணத்துக் கொசு. அல்போபிக்டஸ் வெளியே புதரிலும் மரத்தடியிலும் இருப்பது, தோட்டத்துக் கொசு. பழைய வைரஸ் அல்போபிக்டஸின் குடலில் சரியாகப் பற்றாது. எழுத்து மாறிய வைரஸ் சுலபமாகப் பற்றிக்கொள்ளும், எச்சில் சுரப்பிக்கும் சீக்கிரம் போய்ச் சேரும். அவ்வளவுதான் வித்தியாசம். அதுவரை பட்டணத்துக் கொசுவையே நம்பியிருந்த நோய்க்குத் தோட்டத்துக் கதவு திறந்துவிட்டது.

பால் வெட்டாமல் விட்ட மர நிரையில் போய்ப் பாருங்கள். பால்மரத்தில் (ரப்பர் மரம்) மங்கு, அதாவது பால் சேரும் கிண்ணம், கவிழ்க்காமல் நிமிர்ந்தபடியே கம்பியில் தொங்கும். உள்ளே மழைத்தண்ணீர், அடியில் கறுத்த இலை, விளிம்பில் காய்ந்த பால் வளையம். லேசாகத் தட்டினால் புழுக்கள் வளைந்து வளைந்து அடிக்குப் போகும். விடியும் நேரத்தில் பால்வெட்டு நடக்கிறது, அல்போபிக்டஸ் கடிக்கிற நேரமும் அதுதான். நிலவரம் இப்படி இருக்கும்போது வைரஸுக்கு வேறென்ன வேண்டும்?

எனக்கு இதில் ரொம்பப் பிடித்த பகுதி இன்னொன்று. அல்போபிக்டஸுக்குப் பிறந்த வீடே நம் தென்கிழக்காசியா. ஆசிய வகை சிக்குன்குன்யாவும் பல பத்தாண்டுகள் இங்கேயே இருந்தது. அப்படியானால் அது ஏன் இந்த மாற்றத்தைச் செய்துகொள்ளவில்லை? 2011இல் விடை கிடைத்தது. ஆசிய வகையில் அதே இ1 புரதத்தின் 98ஆவது இடத்தில் த்ரியோனின் இருக்கிறது. அது இருக்கிறவரை 226இல் என்ன மாறினாலும் அல்போபிக்டஸில் பலன் கிடைக்காது. ஒரு மாற்றம் இன்னொரு மாற்றத்துக்குப் பூட்டு. அந்தப் பூட்டுதான் நம் தோட்டங்களை அத்தனை காலம் காப்பாற்றியது, நமக்குத்தான் தெரியாது.

டிங்கி ஒரு தடவை வந்துவிட்டால் மறுபடி வராதாமே?

வரும். நான்கு வகை டிங்கி இருக்கிறது. மரபணுவில் அவை சுமார் 65 விழுக்காடுதான் ஒத்துப்போகும். வந்துபோன வகைக்கு எதிராகத்தான் நீண்டகாலப் பாதுகாப்பு கிடைக்கும். இரண்டாவது தடவை வேறு வகை வந்தால், பழைய எதிர்ப்புப் பொருள் அதை அரைகுறையாகப் பிடித்து, தடுப்பதற்குப் பதில் செல்லுக்குள் போக வழிவிட்டுவிடக்கூடும். இரண்டாம் டிங்கி முதலாவதைவிட ஆபத்தாக இருப்பதற்கு இது முக்கியக் காரணம்.

அதனால்தான் நாட்டில் இப்போது எந்த வகை ஓடுகிறது என்று சுகாதார அமைச்சு தொடர்ந்து பார்க்கிறது. ஓடுகிற வகை மாறினால், அதற்கு எதிர்ப்பு இல்லாதவர்கள் நிறைய இருப்பார்கள், எண்ணிக்கை எகிறும். 2019இல் மலேசியாவில் 130,000 பேருக்கு மேல் டிங்கி, 182 மரணம்.

டிங்கி பரம்பரையாக வருமா?

வராது. பிரசவ சமயத்தில் தாய்க்கு டிங்கி இருந்தால் குழந்தைக்குத் தொற்றலாம். அது தொற்று, பரம்பரை இல்லை.

குரங்கிலிருந்து டிங்கி வந்தது என்கிறார்களே, உண்மையா?

உண்மைதான், அதற்கான சாட்சியம் கிடைத்ததே நம் காடுகளில். 1960களிலும் 70களிலும் ஆல்பர்ட் ருட்னிக் என்ற ஆய்வாளர் தீபகற்பக் காடுகளில் மர உச்சியில் பரண் கட்டி, கூண்டில் குரங்குகளை வைத்து, அவற்றுக்கு டிங்கி தொற்றுகிறதா என்று பார்த்தார். தொற்றியது. அங்கே அதைக் கொண்டுபோவது உச்சிக்கிளைகளில் வாழும் வேறு ஏடிஸ் இனம். பெரும்பாலும் மனிதன் பக்கம் வராத டிங்கி.

பிற்பாடு அந்தக் காட்டு வைரஸ்களையும் ஊர் வைரஸ்களையும் மரபணு அளவில் ஒப்பிட்டார்கள். ஊரில் ஓடுகிற நான்கு வகையும் காட்டு மூதாதைகளிலிருந்து தனித்தனியாக இறங்கி வந்தவை என்று தெரிந்தது. 2008இல் மலேசியாவில் கடுமையான டிங்கியோடு வந்த ஒரு நோயாளியின் இரத்தத்தில் இருந்தது காட்டு வம்சத்து வைரஸ். ஆக, காட்டு வழி இன்னும் மூடப்படவில்லை.

இதைச் சொன்னதும் செம்பனைத் தோட்டத்துக்குள் வருகிற குரங்கை விரட்ட வேண்டுமா என்று கேட்கிறார்கள். அதற்கு அவசியம் இல்லை. நம் ஊர் டிங்கியில் மிகப் பெரும்பான்மை ஆளிடமிருந்து ஆளுக்கு ஏடிஸ் கொண்டுவருவதுதான். குரங்கு திருடுவது வாழைத்தாரை.

ஸிக்கா பிரேசில் நோய்தானே? நமக்கு எதற்கு?

ஸிக்காவும் கொசு பரப்புகிற வைரஸ்தான், 1947இல் உகாண்டாவில் ஒரு குரங்கிடம் கண்டுபிடித்தது. ஆப்பிரிக்காவுக்கு வெளியே முதன்முதலில் கொசுவிலிருந்து பிரித்தெடுத்தது எங்கே தெரியுமா? பகாங்கில் பெந்தோங், 1966. பிரேசிலில் 2015இல் பரவியது இந்த ஆசியக் கிளையைச் சேர்ந்தது. அந்தக் கிளையின் மிகப் பழைய மாதிரி என்று உலகம் முழுக்க ஒப்பிட எடுப்பது பெந்தோங் வைரஸைத்தான்.

நம் ஜொகூருக்கும் இப்படி ஒரு பேர் உண்டு. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வைரஸில் ஐந்து மரபணு வகை. ஐந்தாவது வகைக்கு ரொம்ப காலம் ஒரே ஓர் ஆதாரம்தான் இருந்தது: 1952இல் மூவார் நோயாளி ஒருவரிடமிருந்து எடுத்தது. ‘மூவார்’ என்றே அதற்குப் பெயர். அறுபது வருஷம் கிட்டத்தட்டக் காணாமல் போயிருந்து, 2009இல் சீனாவில் கொசுவில் அகப்பட்டது, பிறகு கொரியாவிலும். மூவார் மாதிரியைப் பத்திரப்படுத்தி வைத்திருக்காவிட்டால் அது என்ன வகை என்றே புரிந்திருக்காது.

அடிக்கடி புகை அடிக்கிறார்கள், கொசு செத்த மாதிரித் தெரியவில்லை. மருந்தில் தண்ணீர் கலக்கிறார்களா?

கலப்படம் என்று சந்தேகப்படுவதற்கு முன் கொசுவின் மரபணுவைப் பார்க்க வேண்டும். புகையில் வருவது பெரும்பாலும் பைரித்ராய்டு வகை மருந்து. கொசுவின் நரம்பில் சோடியம் போகும் வாயிலைப் பிடித்துத் திறந்தே வைத்துவிடும், கொசு துடித்து விழும். அந்த வாயிலைச் செய்கிற மரபணுவில் 1016, 1534 ஆகிய இடங்களில் மாற்றம் வந்தால் மருந்து சரியாகப் பிடிக்காது. மலேசிய ஏடிஸ் எகிப்தியில் இந்த இரண்டு மாற்றமும் இருக்கிறது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் தாங்காதது செத்துப்போகும், தாங்குகிறது பிள்ளை குட்டி பெறும். அப்புறம் புகை, பறக்கிற கொசுவை மட்டும்தான் தொடும். தொட்டியில் இருக்கிற புழுவுக்கு ஒன்றும் ஆகாது. அதற்கு அபேட் இருக்கிறது, அது வேறு இன மருந்து.

அரசாங்கமே கொசுவைக் கொண்டுவந்து விடுகிறதாமே? மரபணு மாற்றிய கொசுவா அது? கடித்தால் நமக்கு ஏதும் ஆகுமா?

இரண்டு வேறு விஷயத்தை ஒன்றாக்கிப் பேசுகிறார்கள்.

மரபணு மாற்றிய கொசு விடப்பட்டது உண்மை. 2010 டிசம்பரில் பெந்தோங் பக்கம் ஆள் இல்லாத காட்டில், பிரிட்டனின் ஆக்சிடெக் நிறுவனம் உருவாக்கிய ஆண் ஏடிஸ்களைச் சுமார் 6,000 சோதனைக்காக விட்டார்கள். அதன் வாரிசுகள் வளர்ந்து ஆளாவதற்குள் செத்துப்போகும்படி ஒரு மரபணு சேர்த்திருந்தது. ஆண் கொசு கடிக்காது. அந்தத் திட்டம் நம் நாட்டில் மேலே போகவில்லை.

இப்போது விடுவது வொல்பாக்கியா கொசு. வொல்பாக்கியா ஒரு பாக்டீரியா, பூச்சி இனங்களில் பாதிக்கு இயற்கையாகவே இருப்பது. எகிப்திக்கு இயற்கையில் கிடையாது. அதை அல்போபிக்டஸிலிருந்து எடுத்து எகிப்தியின் முட்டைக்குள் ஏற்றிவிட்டார்கள். கொசுவின் மரபணுவில் கை வைக்கவில்லை. அந்தப் பாக்டீரியா இருந்தால் டிங்கி வைரஸ் கொசுவுக்குள் பெருக முடியாமல் திணறும். தாய் வழியாகப் பிள்ளைகளுக்கெல்லாம் போகும். பாக்டீரியா உள்ள ஆண், இல்லாத பெண்ணோடு சேர்ந்தால் முட்டை பொரிக்காது. அப்படியே சில தலைமுறையில் அந்த வட்டாரக் கொசுக்களில் பெரும்பாலானவை வொல்பாக்கியா கொசுவாகிவிடும்.

பாக்டீரியாவிலும் ரகம் உண்டு, இங்கேதான் மரபணு வேலை. மற்ற நாடுகளில் அதிகம் பயன்படுத்திய ரகம் சூட்டில் தளர்ந்துவிடும். நம் வெயிலில் காலி டின்னில் கிடக்கும் தண்ணீர் எவ்வளவு சுடும் என்று தெரியும்தானே? அதனால் சூடு தாங்கும் ரகத்தைத் தேர்ந்தெடுத்து 2017இல் சிலாங்கூரில் ஆரம்பித்தார்கள். விட்ட இடங்களில் டிங்கி சுமார் 40 விழுக்காடு குறைந்தது என்று 2019இல் வெளியிட்டார்கள். இந்தோனேசியாவின் யோக்யாகர்த்தாவில், மற்ற ரகத்தை வைத்துச் செய்த பெரிய சோதனையில் 77 விழுக்காடு.

பெண் கொசுவையும் சேர்த்துத்தான் விடுகிறார்கள், ஆகவே கடிக்கும். கடித்தால் வழக்கமான அரிப்புதான். இந்தப் பாக்டீரியா மனிதனுக்குள் வாழாது.

தோட்டத்துக்குள் இது எவ்வளவு உதவும் என்று கேட்டால், என் அபிப்பிராயம் கொஞ்சம்தான். இந்த முறை எகிப்திக்காகச் செய்தது, அடுக்குமாடிக்கும் நெருக்கமான தாமானுக்கும் பொருத்தம். அல்போபிக்டஸுக்கு வொல்பாக்கியா பிறப்பிலேயே இருக்கிறது, இருந்தும் நோயைப் பரப்பிக்கொண்டுதான் இருக்கிறது. மங்கைக் கவிழ்க்கிற வேலையை எந்த விஞ்ஞானியும் நம்மிடமிருந்து எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரே வீட்டில் எனக்கு மட்டும் ஏன் இவ்வளவு கொசு கடிக்கிறது?

உடம்பு வாசனை. அதில் பரம்பரைக்கும் பங்கு உண்டு: ஒரே மாதிரி இரட்டையரைக் கொசு ஒரே அளவுக்கு விரும்புகிறது, வேறுபட்ட இரட்டையரை அப்படி இல்லை என்று 2015இல் ஓர் ஆய்வு காட்டியது. கொசு பக்கமும் கதை இருக்கிறது. ஏடிஸ் எகிப்தியின் பூர்வீகம் ஆப்பிரிக்கக் காடு, அங்கே அது விலங்குகளைக் கடித்துத் திரிந்தது. மனிதரையே தேடி வருகிற கிளையில் வாசனை பிடிக்கும் ஒரு மரபணு கூடுதலாக வேலை செய்வதை 2014இல் கண்டுபிடித்தார்கள்.

டிங்கி வந்தால் சிலருக்கு மட்டும் முற்றிப்போவதிலும் மரபணுவுக்கு ஓரளவு பங்கு உண்டு. வியட்நாம் குழந்தைகளிடம் செய்த பெரிய ஆய்வில் 2011இல் இரண்டு மரபணுக்கள் அகப்பட்டன. ஒன்று நோயெதிர்ப்போடும் மற்றது இரத்தக்குழாய்க் கசிவோடும் சம்பந்தப்பட்டது என்று கருதுகிறார்கள். அதற்காக ‘எங்கள் குடும்ப உடம்பு தாங்கும்’ என்று யாரும் வீட்டிலேயே இருந்துவிட வேண்டாம். அப்படி முன்கூட்டிச் சொல்லும் பரிசோதனை எந்த கிளினிக்கிலும் கிடையாது.

பப்பாளி இலைச் சாறு குடிக்கலாமா?

பாட்டி வைத்தியம் என்று தள்ளிவிடவும் முடியாது. 2013இல் மலேசிய ஆய்வாளர்கள் டிங்கி நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது இரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்கள் கொஞ்சம் வேகமாக ஏறின. தட்டணு சம்பந்தப்பட்ட இரண்டு மரபணுக்களின் செயல்பாடும் கூடியிருந்தது. ஆனால் டிங்கியில் ஆளைக் கொல்வது பெரும்பாலும் தட்டணுக் குறைவு இல்லை, இரத்தக்குழாயிலிருந்து நீர் கசிந்து இரத்த அழுத்தம் விழுவதுதான். சாறு அதை நிறுத்தும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குடிக்கிறவர் டாக்டரிடம் சொல்லிவிட்டுக் குடிக்கட்டும். சாறு குடித்தாயிற்று என்று கிளினிக் போகாமல் இருப்பதுதான் தப்பு.

தடுப்பூசி வந்துவிட்டதே, போடலாமா?

முதலில் வந்த டெங்வாக்சியா, மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி வைரஸின் உடம்பில் டிங்கியின் மேலுறை மரபணுவை ஒட்டிச் செய்தது. ஏற்கெனவே டிங்கி வந்தவர்களுக்கு உதவியது. வராதவர்கள் போட்டுக்கொண்டால் பிற்பாடு வருகிற டிங்கி கடுமையாக இருக்கலாம் என்று 2017இல் தெரிந்து பெரிய பிரச்சினை ஆனது. பிறகு வந்த கியூடெங்கா, பலவீனப்படுத்திய இரண்டாம் வகை டிங்கி வைரஸையே அடித்தளமாக வைத்து, மற்ற மூன்றின் மேலுறையை அதன்மேல் மாற்றிச் செய்தது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு ஊசி. மலேசியாவில் அனுமதி உண்டு. நான்கு வகைக்கும் பாதுகாப்பு ஒரே அளவு இல்லை. போடலாமா என்பதை உங்கள் டாக்டர்தான் சொல்ல வேண்டும், கர்ப்பிணிகளுக்குக் கூடாது.

காய்ச்சல் வந்தால் எந்த நாளில் என்ன பரிசோதனை? எல்லார் இரத்தத்திலும் மரபணு பார்ப்பீர்களா?

பார்ப்பதில்லை. கிளினிக்கில் விரைவாகச் செய்வது என்எஸ்1, அது வைரஸ் வெளியே விடுகிற ஒரு புரதத்தைத் தேடும். முதல் சில நாளில் நன்றாகக் காட்டும். ஐந்தாம் நாள் வாக்கில் ஐஜிஎம் எதிர்ப்புப் பொருள் தெரிய ஆரம்பிக்கும். வைரஸின் மரபணுவையே தேடுகிற பிசிஆர் சோதனைக்கு முதல் ஐந்து நாளுக்குள் எடுத்த இரத்தம் வேண்டும், அதன்பிறகு வைரஸ் இரத்தத்திலிருந்து மறைந்துவிடும். எந்த வகை டிங்கி என்று சொல்வது இதுதான். தேர்ந்தெடுத்த சில மாதிரிகள் மட்டும் சுங்கை பூலோவில் உள்ள தேசியப் பொதுச் சுகாதார ஆய்வகம் போன்ற இடங்களுக்குப் போகும்.

அதனால் ‘இரண்டு நாள் பார்த்துவிட்டுப் போகலாம்’ என்று பனடோலைப் போட்டுக்கொண்டு படுக்காதீர்கள். காய்ச்சல் விட்டதும் வெட்டுக்குக் கிளம்புகிறார்கள், அந்த மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாள் வரைதான் ஆபத்தான கட்டம். வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறிலோ மூக்கிலோ இரத்தம், எழுந்து நிற்க முடியாத அசதி, இதில் எது வந்தாலும் நேரே அரசாங்க மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள். எந்தத் தோட்டத்தில் வேலை, காய்ச்சல் எந்த நாள் ஆரம்பித்தது, முன்பு டிங்கி வந்திருக்கிறதா, இந்த மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள்.